15 மிமீ மாந்தோப்பு: மரத்தை எடுத்து வைக்கிற மாதிரி, பிரித்து அடுக்குகிற மாதிரி எப்படிச் செய்வது?

காட்பாடி சிப்பாய் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நானும் என் சித்தப்பா பையனும் ஒரு வருடமாக 15 மிமீ மினியேச்சர், அதாவது ஏறக்குறைய அந்த உயரத்துக் குட்டிச் சிப்பாய் பொம்மைகள் வைத்துப் போர் விளையாட்டு ஆடிக்கொண்டிருக்கிறோம். எங்களுக்குப் பிடித்தது ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரர்களும் 18ஆம் நூற்றாண்டில் இங்கே மோதிய கர்நாடகப் போர்க் காலம். ஆற்காடு, ஆரணி, ஆம்பூர், வந்தவாசி என்று அந்தச் சண்டைகள் எல்லாம் நம் பழைய வடாற்காட்டுக்குள்ளேயே நடந்திருக்கின்றன, காலையில் பஸ் ஏறினால் அந்த இடத்தைப் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடலாம், இது வேறு எந்தப் போருக்கும் நமக்குக் கிடைக்காது.

இப்போது எடுத்திருப்பது 1752 காவேரிப்பாக்கம் சண்டை. தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கிளைவின் படை பொழுது சாயும் நேரத்தில் சாலையில் வருகிறது, பக்கத்து மாந்தோப்புக்குள் பிரெஞ்சுக்காரர்கள் 9 பீரங்கிகளை மறைத்து வைத்திருக்கிறார்கள், திடீரென்று சுடுகிறார்கள். அப்புறம் நிலா வெளிச்சத்தில் மணிக்கணக்கில் சண்டை. கடைசியில் ஆங்கிலேயர் பக்கம் ஒரு பிரிவு சுற்றி வந்து தோப்பின் பின்பக்கமாக நுழைந்து பீரங்கிகளைப் பிடித்துவிடுகிறது. ஆக, தோப்பு சரியாக அமையவில்லை என்றால் இந்தச் சண்டையே இல்லை.

என் பிரச்சினை இதுதான். 18 அங்குலம் நீளம், 12 அங்குலம் அகலத்தில் 3 மிமீ எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்திச் செய்த) பலகை வாங்கி, 22 மரங்களை ஹாட் குளூ வைத்து ஒட்டினேன். தரைக்கு ஃபெவிகாலைத் தண்ணீர் விட்டுக் கரைத்துப் பூசி, மணலும் பச்சைச் சாயம் போட்ட மரத்தூளும் தூவி மொட்டை மாடியில் காயவைத்தேன். சித்திரை வெயில். சாயந்தரம் போய்ப் பார்த்தால் பலகையின் இரண்டு ஓரமும் ஒரு விரல் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. புத்தகங்களை அடுக்கி இரண்டு நாள் வைத்தேன், எடுத்தவுடன் மறுபடியும் வளைந்துவிட்டது.

அதையும் பொறுத்துக்கொண்டு ஆடிப் பார்த்தோம். எங்கள் சிப்பாய்கள் 40க்கு 30 மிமீ பேஸில் (அடித்தட்டில்) நான்கு நான்கு பேராக ஒட்டியிருக்கிறார்கள். அந்தப் பேஸ் மரங்களுக்கு நடுவில் போகவே இல்லை. பீரங்கி பேஸ் இன்னும் பெரியது. கையை உள்ளே விட்டால் கிளை இடிக்கிறது, ஒரு சிப்பாயின் துப்பாக்கி முனை கிளையில் மாட்டி உடைந்தே போனது. சண்டையின் முக்கியமான கட்டம் முழுக்கத் தோப்புக்குள் நடக்கிறது, ஆனால் உள்ளே யாரையும் வைக்க முடியவில்லை, வெளியே நிற்கவைத்துவிட்டு உள்ளே இருப்பதாக நினைத்துக்கொள் என்று ஆட வேண்டியதாயிற்று.

அதனால் கேட்கிறேன். மரத்தை எடுத்து எடுத்து வைக்கிற மாதிரி, தோப்பையே சிறிதாகவும் பெரிதாகவும் அடுக்கிக்கொள்கிற மாதிரி யாராவது செய்திருக்கிறீர்களா? பலகை வளையாமல் இருக்க என்ன வழி? இலைக்கும் புல்லுக்கும் தூவுகிற வெளிநாட்டு ஃப்ளாக் தூள் பாக்கெட் வாங்குகிற நிலையில் இல்லை, வேலூர் லாங் பஜாரில் கிடைப்பதை வைத்துச் செய்ய வேண்டும்.


ஆம்பூர் பதினைந்து எழுதியது:

தம்பி, இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்போம்.

முதலில் பலகை. கரைத்த ஃபெவிகாலை ஒரு பக்கம் மட்டும் பூசினால் அது காயும்போது சுருங்கும், சுருங்கும்போது பலகையை அந்தப் பக்கமாக இழுக்கும். அதுவும் வெயிலில் வைத்தால் மேல்பக்கம் சட்டென்று காய்ந்து இன்னும் வேகமாக இழுக்கும். எம்டிஎஃப்தான் வேண்டும் என்றால் முதலில் இரண்டு பக்கமும் ஓரமும் சேர்த்துப் பெயின்ட் அடித்துவிட வேண்டும், தரை ஒட்டும்போது அடிப்பக்கமும் அதே கலவையை ஒரு கை பூச வேண்டும், நிழலில்தான் காயவைக்க வேண்டும். ஆனால் நான் எம்டிஎஃப்பை விட்டு நாளாகிவிட்டது. ஃப்ளெக்ஸ் போர்டு அடிக்கிற கடைக்குப் போய் சன்போர்டு வெட்டுத்துண்டு கேளுங்கள், 3 மிமீ, 5 மிமீ இரண்டும் இருக்கும். அது பிவிசி, தண்ணீர் குடிக்காது, பேப்பர் வெட்டுகிற கத்தியிலேயே வெட்டிவிடலாம். எங்கள் ஊரில் இருப்பவர்களுக்கு இன்னொன்றும் கிடைக்கும், ஷூ அடிப்பாகத்துக்கு வெட்டியது போக மிஞ்சுகிற, ரப்பர் மாதிரி மெத்தென்ற ஈவா ஷீட். அது வளையும், ஆனால் தானாகவே நேராகிவிடும்.

இரண்டாவது, மரம். எங்கள் மேஜையில் தோப்பு எதுவரைக்கும் என்று காட்டுவது தரைதான். மரம் எல்லாம் எடுத்து வைக்கிற சாமான். காவி கலந்த பழுப்பில் ஒரு கெட்டித் துணியை, கேன்வாஸ் கிடைத்தால் நல்லது, தோப்பு வடிவத்துக்கு வெட்டி விரித்துவிடுங்கள். துணிக்குள் கால் வைத்தால் தோப்புக்குள் வந்தாயிற்று, துணியின் ஓரம்தான் தோப்பின் ஓரம். மரத்தை எங்கே நகர்த்தினாலும் சண்டை வராது. இதை ஆட்டம் தொடங்கும்போதே இருவரும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

மரத்துக்குப் பீடமாகப் பழைய சிடி எடுத்துக்கொள்ளுங்கள். பலர் வீட்டில் இன்னும் ஒரு டப்பா நிறைய இருக்கும். குறுக்களவு 12 செமீ, வளையவே வளையாது, நடுவில் 15 மிமீ ஓட்டை தயாராக இருக்கிறது. நல்ல விஷயம் என்னவென்றால், 15 மிமீ மினியேச்சர் ஏறக்குறைய 1க்கு 100 அளவு. சிடிக்களை ஒன்றோடொன்று ஒட்டினாற்போல் வரிசையாக வைத்தால் மரத்துக்கு மரம் 12 செமீ, அதாவது நிஜத்தில் 12 மீட்டர், 40 அடி. நம் ஊரில் பழைய மாந்தோப்பில் இடைவெளியே ஏறத்தாழ அவ்வளவுதான். உங்கள் 40 மிமீ பேஸ் அந்த இடைவெளியில் தாராளமாகப் போய் வரும்.

செய்முறை: சிடியின் பளபளப்பை உப்புத்தாள் போட்டு நன்றாகக் கீறிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒட்டியதெல்லாம் உரிந்துவிடும். அதே அளவுக்கு 3 மிமீ சன்போர்டு வட்டம் வெட்டி, நடுவில் அதே 15 மிமீ ஓட்டை போட்டு, சிடியின் அடியில் ஒட்டுங்கள். அதற்கும் அடியில் ஒரு கெட்டி அட்டை. இப்போது 4 மிமீ ஆழத்துக்கு ஒரு குழி கிடைத்துவிட்டது. ஓரத்தை மட்டும் கத்தியால் சரிவாகச் சீவிவிடுங்கள், சிப்பாய் பேஸ் ஏறி இறங்க வேண்டும்.

அந்தக் குழிக்குள் ஒரு துண்டு பாலித்தீன் காகிதத்தை அழுத்தி, அதன்மேல் எம்-சீல் பிசைந்து அடைத்து, மரத்தின் கம்பிக் காலை விரித்து அதில் நிறுத்துங்கள். இறுகியதும் மேலே இழுத்தால் மரம் ஒரு பம்பரம் மாதிரி அடியில் குமிழோடு வரும். பாலித்தீனை உரித்துவிட்டால் எந்தச் சிடியில் வைத்தாலும் சரியாக உட்காரும். நான் முதல் நான்கைப் பாலித்தீன் போடாமல் செய்து, நான்கும் சிடியோடு சேர்ந்து கல் மாதிரி இறுகிவிட்டன, அதனால் அந்த ஒரு விஷயத்தை மறக்காதீர்கள்.

சிப்பாய் உள்ளே வரும்போது அந்த இடத்து மரத்தை மட்டும் தூக்கிப் பக்கத்தில் வைத்துவிடலாம். குழிக்கு மேல் போட ஒரு சின்ன வட்டமும், வெட்டிய அடிமரம் மாதிரியோ சருகுக் குவியல் மாதிரியோ, செய்து வைத்துக்கொண்டால் பார்க்க நன்றாக இருக்கும்.

தெர்மோகோல் பக்கம் போக வேண்டாம் என்பது என் கருத்து. உதிரும், அதன்மேல் ஸ்ப்ரே பெயின்ட் அடித்தால் கரைந்து குழி குழியாகிவிடும்.


குடியாத்தம் கொலுப்பூங்கா எழுதியது:

நான் போர் விளையாட்டு ஆடுவதில்லை, என் மகன் ஆடுகிறான். மரம் செய்து கொடுப்பது நான். இருபது வருடமாக நவராத்திரிக்குக் கொலுவுக்கு முன்னால் பூங்கா போடுகிறேன், மலை, குளம், தோப்பு எல்லாம், அந்தக் கைப்பழக்கம் இதற்கு அப்படியே உதவுகிறது.

மாமரத்துக்குக் கட்டுக்கம்பிதான் சரி, ஹார்டுவேர் கடையில் கிலோ கணக்கில் கிடைக்கும். 15 செமீ நீளத்துக்குப் பத்துப் பன்னிரண்டு கம்பி வெட்டி ஒன்றாகப் பிடித்து, கீழே 2 செமீ வேருக்கு விட்டுவிட்டு, அதன்மேல் 3 செமீ மட்டும் முறுக்குங்கள். மாமரம் உயரமாக ஒற்றைத் தண்டாகப் போகாது, கொஞ்சம் ஏறியவுடனே நாலைந்து பெரிய கிளையாகப் பிரிந்துவிடும். அதனால் அங்கேயே கம்பிகளை மூன்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு கொத்தையும் இன்னொரு 3 செமீ முறுக்கி, பிறகு விரித்துவிடுங்கள். குடைக்கம்பி மாதிரி இருக்க வேண்டும்.

பட்டைக்கு ஃபெவிகாலில் சலித்த மரத்தூள் குழைத்துப் பழைய பிரஷ்ஷால் தடவுங்கள். டீ வடிகட்டியில் சலித்தால் கீழே விழுவது இதற்கு, மேலே நிற்பது தரைக்கு.

இலைக்கு இரண்டு அடுக்கு. உள்ளடுக்கு தேங்காய் நார். மட்டையில் இருந்து உரித்த நாரை விரலால் பிய்த்துப் பிய்த்து, எதிர்ப்பக்கம் தெரிகிற அளவுக்கு லேசாக உருட்டி, கிளைகளின் மேல் வைத்துத் தொப்பி மாதிரி அமுக்குங்கள். கெட்டியாக உருட்டினால் லட்டு மாதிரி ஆகிவிடும், மரம் மாதிரி இருக்காது. கரும்பச்சை அடித்துக் காயவிடுங்கள்.

வெளியடுக்கு ஸ்பாஞ்ச். மெத்தைக் கடையில் வெட்டுத்துண்டு சும்மாவே கொடுப்பார்கள். கத்தரியால் பொடியாக நறுக்கி, தண்ணீர் ஊற்றி மிக்ஸியில் அரைத்துப் பிழிய வேண்டும். இதற்கென்று ஒரு பழைய ஜார் ஒதுக்கிவிடுங்கள், அதைத் திரும்பச் சமையலுக்கு எடுக்கக் கூடாது. பிழிந்ததில் அக்ரிலிக் பெயின்டைக் கையுறை போட்டுக்கொண்டு பிசைந்து, செய்தித்தாளில் பரப்பி நிழலில் இரண்டு நாள் உலரவிடுங்கள். நடுநடுவே கையால் உதிர்த்துவிட வேண்டும்.

நிறம்தான் முக்கியம். கடையில் விற்கிற பச்சை புல்லுக்குத்தான் சரியாக இருக்கும். மாவிலை அடர்த்தியான பச்சை, கொஞ்சம் கறுப்பு கலந்த மாதிரி இருக்கும். நான் கரும்பச்சையில் பத்தில் ஒரு பங்கு காப்பிக்கொட்டை நிறமும் ஒரு சொட்டு நீலமும் சேர்ப்பேன். துளிர் மட்டும் செம்பு நிறம், அதைத் தனியாகக் கொஞ்சம் செய்து சில மரங்களில் ஒரு பக்கம் மட்டும் ஒட்டுங்கள், எல்லா மரத்திலும் வேண்டாம். உண்மையிலேயே மாமரம் அப்படித்தான், ஒரு கிளை மட்டும் துளிர்த்து நிற்கும்.

ஒட்டுவதற்கு ஒரு பங்கு ஃபெவிகால், மூன்று பங்கு தண்ணீர், பாத்திரம் கழுவுகிற லிக்விட் ஒரு சொட்டு. அந்தச் சொட்டு இல்லாவிட்டால் தண்ணீர் முத்து முத்தாக நிற்கும், நாருக்குள் இறங்காது. பூச்சட்டிக்குத் தெளிக்கிற ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றித் தெளித்து, ஸ்பாஞ்ச் தூவி, மறுபடியும் தெளியுங்கள். வேலை முடிந்ததும் பாட்டிலைச் சுடுதண்ணீரில் கழுவிவிடுங்கள், அடைத்துக்கொள்ளும்.

தரைக்கு டீத்தூள் சக்கை என்று எல்லோரும் சொல்வார்கள், அது நல்லதுதான், 15 மிமீக்குச் சருகு மாதிரியே தெரியும். ஆனால் நாம் பாலிலும் சர்க்கரையிலும் கொதிக்கவிட்ட தூளை அப்படியே காயவைத்தால் எறும்பு வரும், பூஞ்சை பிடிக்கும். நான்கைந்து தண்ணீரில் அலசி, வெள்ளைத் துணியில் கட்டிப் பிழிந்து, இரண்டு நாள் நல்ல வெயில் காட்டிய பிறகுதான் ஒட்ட வேண்டும். நிறத்துக்கு மஞ்சள்தூள் போட்டுவிடாதீர்கள், ஒரு மாத வெளிச்சத்தில் வெளுத்துவிடும். கோலப்பொடியும் வேண்டாம், ஃபெவிகால் தண்ணீர் பட்டவுடன் சாயம் ஓடும்.


வாலாஜா ஏரிக்கரை எழுதியது:

செய்முறையை மேலே இருவரும் நன்றாகச் சொல்லிவிட்டார்கள். நான் நிலத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன், காவேரிப்பாக்கம் ஏரிக்கரையில் நான் பலமுறை நடந்திருக்கிறேன், அந்தச் சுற்றுவட்டாரம் எனக்குப் பழக்கம்.

தோப்பைக் காடு மாதிரி செய்துவிடாதீர்கள். காட்டில் மரம் கலைந்து நிற்கும், பெரிதும் சிறிதுமாக இருக்கும், கீழே புதர் மண்டும். தோப்பு வைத்து வளர்த்தது. மரம் வரிசை பிடித்து நிற்கும், ஓரளவு ஒரே வயது, தலை உருண்டையாகப் பக்கத்து மரத்தைத் தொடுகிற மாதிரி இருக்கும். அடியில் புல்கூட அவ்வளவாக முளைக்காது, நிழலும் சருகும்தான். இன்னொன்று கவனியுங்கள், ஆடு மாடு எட்டுகிற உயரம்வரை இலையே இருக்காது, அடிப்பக்கம் கயிறு பிடித்து வெட்டிய மாதிரி ஒரே மட்டமாக இருக்கும். இது உங்கள் விளையாட்டுக்கும் வசதி. அடிக்கிளை தரையில் இருந்து 3 செமீ மேலே தொடங்கினால் சிப்பாய் தலை இடிக்காது, வெளியே இருந்து குனிந்து பார்த்தால் உள்ளே பீரங்கி நிற்பதும் நிழலாகத் தெரியும்.

அந்தத் தோப்பின் ஒரு பக்கம், அதாவது பீரங்கிகள் நோக்கியிருந்த முன்பக்கம், பள்ளமும் கரையும் இருந்தன. பின்பக்கம் அப்படி இல்லை, காவலும் இல்லை. அது தெரிந்துதான் கிளைவ் இரவு பத்து மணி வாக்கில் 200 ஐரோப்பியரையும் 400 சிப்பாய்களையும் சுற்றி அனுப்பினார். அவர்கள் 30 கெஜம் நெருங்கும்வரை யாருக்கும் தெரியவில்லை, ஒரே ஒரு சரமாரிச் சூடு, தோப்பு கைமாறிவிட்டது. ஆகவே ஓரத்துண்டுகளை இரண்டு வகையாகச் செய்யுங்கள். ஒன்று பள்ளமும் கரையும் உள்ளது, மற்றொன்று வெறும் சருகாக மெல்ல முடிவது. மேஜையைத் தோண்ட முடியாது என்பதால், பள்ளம் வேண்டுமானால் இருபுறமும் உயர்த்தித்தான் காட்ட வேண்டும். தோப்புப் பக்கம் ஒன்றரை செமீ உயரக் கரை, வெளிப்பக்கம் அரை செமீக்கு ஒரு நீளச் சரிவு, நடுவில் ஒரு விரல் அகலம். துண்டின் நீளத்தைச் சிடியின் 12 செமீ மடங்கிலேயே வைத்துக்கொண்டால் எப்படி அடுக்கினாலும் பொருந்தும்.

சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு வாய்க்கால் வேண்டும். கிளைவின் காலாட்படை அதில்தான் ஒதுங்கியது, பிரெஞ்சுக் காலாட்படை அதன் வழியாகத்தான் முன்னேறியது. தோப்பின் ஓரம் சாலையில் இருந்து ஏறக்குறைய 250 கெஜம். எதிர்த்தரப்பில் 2500 குதிரை, கிளைவிடம் குதிரையே கிடையாது, அதனால் மேஜையில் வெட்டவெளியும் தேவை. எல்லா இடத்தையும் மரத்தால் நிரப்பிவிடாதீர்கள்.

அப்புறம், வேலி ஓரத்தில் சீமைக் கருவேலம் வைத்துவிட வேண்டாம். இன்று பாலாற்றுப் படுகை முழுக்க அதுதான் என்பதால் கை தானாக அதைச் செய்யப் போகும். அது நம் பக்கம் வந்ததே 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில். உண்ணிச்செடியும் 1752க்குப் பின்னால் வந்ததுதான். ஏரிக்கரைக்குப் பனை, வயல் ஓரத்தில் வேம்பு, புளி, நாட்டுக் கருவேலம், இவை போதும்.

சண்டை நடந்தது வருடத் தொடக்கத்தில். நம் பக்கம் தை, மாசியில் மாமரம் பூத்து நிற்கும், வடு பிடிக்கத் தொடங்கும். இலையைவிடப் பூ அதிகமாகத் தெரிகிற மரங்களைப் பார்த்திருப்பீர்கள். சந்தன நிறத்தில் கொஞ்சம் ஸ்பாஞ்ச் தூளைக் கிளை நுனிகளில் மட்டும் வையுங்கள். இருட்டிலும் பூ வாசனை அடித்திருக்கும் ஒரு தோப்புக்குள் அத்தனை பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள், அந்தக் காட்சி உங்கள் மேஜையில் தெரிய வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.


காட்பாடி சிப்பாய் எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. அக்கா, உங்களுக்குத் தனியாக, நீங்கள் சொன்ன ஸ்ப்ரே பாட்டில் முறை இல்லாவிட்டால் இந்த வேலையே முடிந்திருக்காது.

24 சிடி, 24 மரம். ஆறுக்கு நான்காக அடுக்கினால் 72க்கு 48 செமீ வருகிறது, எங்கள் 6 அடிக்கு 4 அடி மேஜைக்கு அளவாக இருக்கிறது. ஓரத்துண்டு பள்ளம் உள்ளது ஆறு, வெறும் ஓரம் பன்னிரண்டு, மூலை நான்கு. சிடிக்கும் சிடிக்கும் நடுவில் விழுகிற சந்துகளை முதலில் யோசிக்கவில்லை, துணியின் நிறமும் சிடியின் நிறமும் வேறு வேறாக இருந்ததால் வட்டம் வட்டமாகத் தெரிந்தது. துணியிலும் அதே கரைசலைப் பூசி அதே சருகைத் தூவிய பிறகு சரியாகிவிட்டது. நிறையத் தூவினால் துணி மடிக்க முடியாமல் விறைக்கிறது, அதனால் நான் இப்போது அதைச் சுருட்டித்தான் வைக்கிறேன்.

சருகுக்கு டீத்தூளோடு நிஜ மாஞ்சருகும் சேர்த்தேன். உள்ளங்கையில் வைத்துக் கசக்கினால் நரம்பெல்லாம் நீளமாக நிற்கும், அதைப் பொறுக்கி எடுத்துவிட்டு மிச்சத்தைச் சலித்தால் சின்னச் சின்னச் செதிலாக வருகிறது. பக்கத்தில் இருந்து பார்த்தால் ஒவ்வொரு செதிலும் ஒரு இலை மாதிரியே விளிம்பு சுருண்டு கிடக்கிறது. கீழே டீத்தூள், மேலே அங்கங்கே இது, அப்படிப் போட்டால் ஆழம் தெரிகிறது.

ஒரு சிக்கல் வந்தது. இந்த வெயிலில் ஃபேன் போடாமல் உட்கார முடியாது. ஃபேனை வேகமாக வைத்தால் மரங்கள் சாய்ந்தன, குமிழ் 4 மிமீ குழியில் நிற்கவில்லை. அதனால் சன்போர்டை 5 மிமீக்கு மாற்றி, குழியின் அடியில் 10 மிமீ அகலம், 2 மிமீ கனத்தில் ஒரு காந்த வில்லை ஒட்டினேன். மரத்தின் குமிழில் எம்-சீல் இறுகும் முன்பே ஒரு இரும்பு வாஷரை அழுத்திவிட்டேன். இப்போது வைக்கும்போது டக்கென்று பிடித்துக்கொள்கிறது, பேஸோடு தூக்கினாலும் மரம் வருகிறது. வாஷர் வாங்கும்போது காந்தத்தைக் கையோடு கொண்டுபோய் ஒட்டிப் பார்த்து வாங்குங்கள், சில வாஷர் ஒட்டாது.

போன ஞாயிற்றுக்கிழமை ஆடினோம். வெளியே இருப்பவனுக்குத் தோப்பின் விளிம்பில் நிற்பவர்கள் மட்டுமே தெரிவார்கள், உள்ளே இருப்பவர்களுக்கு ஒருவரையொருவர் ஒரு மரவரிசை தூரம்தான் தெரியும், இதுதான் எங்கள் விதி. சிடி வரிசையே அளவுகோலாகிவிட்டதால் ஸ்கேல் எடுக்கவே வேண்டியிருக்கவில்லை. என் தம்பி பின்பக்கமாக வந்தான். கடைசி வரிசை மரங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அவன் சிப்பாய்களை உள்ளே நகர்த்தியபோது, என் பீரங்கிகள் எல்லாம் அந்தப் பக்கம் திரும்பி நிற்கின்றன, எனக்குத் திருப்ப நேரமில்லை. அந்த இரவில் உள்ளே இருந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் புரிந்தது.


ஜவ்வாது அடிவாரம் எழுதியது:

அருமையாக வந்திருக்கிறது. நான் திருப்பத்தூர் பக்கம், 28 மிமீயில் பத்துப் பதினைந்து பேர் மட்டும் மோதுகிற சின்னச் சண்டைகள் ஆடுகிறேன், எனக்குத் தேவை தோப்பு இல்லை, ஜவ்வாது மலை மாதிரி வறண்ட காடு. இதே சிடி முறை அதற்கும் ஒத்து வருமா?


ஆம்பூர் பதினைந்து எழுதியது:

வரும் தம்பி, ஆனால் சிடியை வரிசை தெரியாத மாதிரி மாற்ற வேண்டும். 28 மிமீ ஏறக்குறைய 1க்கு 56, அதில் ஒரு சிடி என்பது 7 மீட்டர்கூட இல்லை, காட்டுக்கு அந்த நெருக்கம் சரிதான். வட்டத்தை விட்டுவிட்டு சன்போர்டை 20 செமீ நீளத்தில் அவரைவிதை மாதிரி, வயிறு உள்ளே வாங்கிய வடிவத்தில் வெட்டுங்கள். ஒன்றின் வயிற்றில் இன்னொன்றின் முதுகு உட்காரும், எப்படிச் சேர்த்தாலும் ஒரு ஒழுங்கு தெரியாது. ஒவ்வொன்றிலும் மூன்று குழி, இடைவெளி சமமாக இருக்க வேண்டாம். உங்கள் ஆட்கள் 25 மிமீ வட்டப் பேஸ் என்றால் குழிக்குக் குழி குறைந்தது 5 செமீ விடுங்கள். புதரையும் பாறையையும் பலகையில் நிரந்தரமாக ஒட்டலாம், ஆனால் ஓரத்தில் மட்டும். நடுவில் கால் வைக்க இடம் வேண்டும்.

மரத்துக்கு நார் வேண்டாம். கோடையில் அந்த மலைக்காட்டில் பாதி மரம் இலை உதிர்த்து நிற்கும். கட்டுக்கம்பி கிளையை அப்படியே விட்டுச் சாம்பல் நிறம் அடித்து, நுனியில் மட்டும் பழுப்பும் மங்கிய பச்சையுமாகக் கொஞ்சம் தூவினால் போதும். காய்ந்த துளசிக் குச்சி கிடைத்தால் இன்னும் நல்லது, பூத்து முடிந்த துளசியின் காய்ந்த கிளை அப்படியே சின்ன மரம் மாதிரி இருக்கும். கரைத்த ஃபெவிகாலில் ஒருமுறை முக்கித் தலைகீழாகத் தொங்கவிட்டுக் காயவையுங்கள், இல்லாவிட்டால் ஆடும்போது பொடிந்துவிடும்.


குடியாத்தம் கொலுப்பூங்கா எழுதியது:

துளசிக் குச்சியை முக்குவதற்கு முன்னால் ஒரு நாள் வெயிலில் போட்டு, தட்டி உதறி எடுங்கள். விதை உள்ளே இருக்கும், ஃபெவிகால் ஈரத்தில் எல்லாம் ஒட்டிக்கொண்டு மணி மணியாகத் தெரியும். காட்பாடித் தம்பி, பூ வைத்த மரத்தைப் பக்கத்தில் இருந்து ஒரு படம் எடுத்துப் போடுங்கள், சந்தன நிறம் நுனியில் மட்டும் நிற்கிறதா, உள்ளேயும் இறங்கிவிட்டதா என்று பார்க்க வேண்டும்.